பழைய ரைஸ் மில்லைக் கரியடுப்பு உணவகமாக்குவது எப்படி?

பொருநைக்கரை:
அம்பாசமுத்திரத்துக்கு அருகே எங்கள் தாத்தா நடத்திய ரைஸ் மில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பெங்களூரில் பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் ப்ரூபப் ஒன்றில், பளபளக்கும் கொப்பரைகளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அது மனத்தை விட்டுப் போகவில்லை. நமக்கு மது வேண்டாம். கொப்பரையின் இடத்தில் கோலி சோடா நிரப்பும் பொறியை வைத்து, பக்கத்திலேயே கரியில் இறைச்சி வாட்டலாம் என்று நினைக்கிறேன். ஆயில் எஞ்சின், எஞ்சினின் சுழற்சியைப் பொறிகளுக்குக் கடத்த உத்தரத்தை ஒட்டி ஓடும் ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டு, பெல்ட் மாட்டும் புல்லிகள், மங்களூர் ஓட்டுக் கூரை எல்லாம் அப்படியே உள்ளன. சுவரின் பூச்சு முழுவதையும் உரித்துச் செங்கல்லைக் காட்டலாம் என்கிறார் வடிவமைப்பாளர். சரிதானா?

கொத்தவேலை:
முழுவதும் உரிக்க வேண்டாம், அண்ணாச்சி. நம் பக்கத்து நாட்டுச் செங்கல் சுண்ணாம்புப் பூச்சை நம்பிக் கட்டப்பட்டது. பூச்சை எடுத்துவிட்டால், சாரல் படும் பக்கம் விரலால் தேய்த்தாலே செம்மண்ணாக உதிரும். உள்பக்கம் ஒரு சுவரை மட்டும் திறந்து, இடைவெளிகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்புங்கள். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லைத் தின்னும். ஷாஃப்டை மேலேயே விட்டுவிடலாம், ஆனால் அது சுழலாதபடி பூட்டிவிடுங்கள். எஞ்சினின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. புதுத் தகரத்துக்குத் துருநிறம் பூசும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உண்மையான துருவே உங்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

அடுப்படி:
அழகைவிடப் புகையை முதலில் யோசியுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை நீங்கள் அறியாதவர் அல்லர். அடுப்பை மேற்குக் கோடியில் போட்டால் அத்தனை புகையும் சாப்பிடுபவர் முகத்தில்தான் அடிக்கும். கிழக்குக் கோடியே சரி. புகைக்கூண்டு எவ்வளவு பெரியதாயினும், வெளியேறும் அளவுக்குப் புதுக்காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் புகை உள்ளேயே திரும்பும். கதவடைத்த ஏசி அறைக்குள் கரியடுப்பு கூடவே கூடாது; கரி எரியும்போது வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சீமைக்கருவேலங்கரி அனல் நின்று எரியும். கொழுப்புப் புகை உள்ளே படிந்து தீப்பற்றும் என்பதால் புகைக்குழாயைக் கழற்றித் துடைக்கும்படி அமையுங்கள்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. அடுப்பு கிழக்கே, சோடா பொறி நடுவில். ஓட்டுக்கூரைக்குக் கீழே பேச்சு எதிரொலிக்கும் என்பதால், அடுப்பிலிருந்து தள்ளி, மேசைகளுக்கு மேலே பத்தமடைக் கோரைப் பாய்களைத் தொங்கவிடலாமா?

அடுப்படி:
தாராளமாக. மெல்லிசாக நெய்த பட்டுப்பாய் வேண்டாம், முரட்டுக் கோரையே போதும். அதுதான் ஒலியை விழுங்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் மாற்றவும் மனம் வரும்.