எஸ்ஆர்டி போட்டும் நேரலையில் படம் கிழிகிறது, கிழிந்தால் பத்து விநாடி நகர மாட்டேன் என்கிறது

தேர்முட்டி:
எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாக்களை நேரலை செய்கிறேன். கேமரா, கேப்சர் கார்டு, லேப்டாப், 4ஜி டாங்கிள். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் எக்ஸ்264 என்கோடர், 1080பி, 25 பிரேம், 4500 கேபிபிஎஸ். எஸ்ஆர்டி (வழியில் தொலைந்த தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, மறுபடி கேட்டு வாங்கும் முறை) வழியாக எங்கள் சர்வருக்குப் போய், அங்கே லோகோ சேர்த்து, மறுபடி என்கோட் ஆகி யூடியூபுக்குப் போகிறது.

நேற்று தீபாராதனை. குருக்கள் தட்டைத் தூக்கியதும் படம் கிழிந்தது. தட்டு இறங்கி, அவர் திருநீறு கொடுக்கத் தொடங்கிய பிறகும் திரையில் சுடர் அம்மன் முகத்தின் மேல் இழுவிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் டக்கென்று சுத்தம். வெளியூரில் இருந்து ஒரே போன்.

லேட்டன்சி=400 கொடுத்திருக்கிறேன், தொலைந்தது திரும்பி வரக் காத்திருக்கும் நேரம். எஸ்ஆர்டியில் பாக்கெட் தொலையாது என்றார்களே?

சவுண்டு சர்வீஸ்:
சிம்மை மாற்றிப் பாருங்கள். கூட்டம் முழுக்கப் போனை நீட்டினால் டவர் என்ன செய்யும்?

தேர்முட்டி:
மாற்றியாயிற்று அண்ணா. அதே கதை.

பழைய எடிட்டர்:
தம்பி, பாக்கெட் தொலைந்தது ஒரு நொடி. பத்து விநாடி நின்றது என்கோடர் செய்த வேலை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்264 முழுப் படமான ஐ-பிரேமை 250 பிரேம் வரை தள்ளிப்போடும். 25 ஆல் வகுத்தால் 10 விநாடி. நடுவில் வருபவை பெரும்பாலும் 'முந்தைய படத்தில் இன்னது மாறியது' என்ற குறிப்புகள்தான். ஒரு குறிப்பு காணாமல் போனால் கோணலின் மேலேயே அடுத்த படத்தைக் கட்டிக்கொண்டு போகும்.

-ஜி 50 (50 பிரேமுக்கு ஒரு ஐ-பிரேம்) போட்டால் 2 விநாடியில் தெளியும். ஆனால் ஐ-பிரேம் குண்டு. மெலிந்த அப்லோடில் 2 விநாடிக்கு ஒருமுறை அதைத் திணித்தால் அங்கேயே பாக்கெட் கொட்டும். அதற்குத்தான் இன்ட்ரா-ரிஃப்ரெஷ். முழுப் படத்தை ஒரே மூச்சில் அனுப்பாமல், ஒரு செங்குத்துப் பட்டை இடமிருந்து வலமாகப் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகும். யூடியூபுக்கு நேராக இதை அனுப்பாதீர்கள், அதற்கு முறையான கீ-பிரேம், அதாவது முழுப் படம், வேண்டும். நீங்கள் சர்வரில் மறுபடி என்கோட் செய்வதால் பிரச்சினை இல்லை. -ஜி 50 ஐயும் விட்டுவிடாதீர்கள், பட்டையின் வேகம் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் 4500 பேராசை. 2500 க்கு இறங்குங்கள்.

(எக்ஸ்264 பின்பற்றும் தரம் எச்.264. 2003 இல் வந்த அதன் பேஸ்லைன் என்ற எளிய வகையில், படத்தைச் சதுரங்கக் கட்டம்போல் பிரித்து அனுப்பி, தொலைந்த கட்டத்தை அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கும் வசதியே இருந்தது. அனேகமாக யாரும் சீண்டவில்லை, அடுத்து வந்த எச்.265 இல் எடுத்தே விட்டார்கள். எனக்கு இன்னும் வருத்தம்தான்.)

கேபிள்காரன்:
ஒரு நிமிடம். அந்த 400 எந்த அலகு?

தேர்முட்டி:
மில்லி விநாடிதானே சார்?

கேபிள்காரன்:
எஃப்எஃப்எம்பெக்கில் மைக்ரோ விநாடி! நீங்கள் கேட்டது அரை மில்லி விநாடிகூட இல்லை. சர்வர் பக்கம் எதுவும் கொடுத்தீர்களா? இல்லையென்றால் எஸ்ஆர்டியின் இயல்பான 120 மில்லி விநாடிதான் ஓடுகிறது. இரு முனையில் எது பெரியதோ அதுதான் எடுபடும். கூட்ட நேரத்தில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) எத்தனை மில்லி விநாடி?

தேர்முட்டி:
சர்வரில் எதுவும் போடவில்லை. பிங் சும்மா இருக்கும்போது 70, தீபாராதனையில் 200.

கேபிள்காரன்:
அப்படியென்றால் தொலைந்ததை 'திரும்ப அனுப்பு' என்று கேட்டு, அது வந்து சேரவே 200 ஆகும். 120 தாண்டினால் எஸ்ஆர்டி காத்திருக்காது, விட்டுவிட்டு மேலே போய்விடும். பிங்கைப்போல் நான்கு மடங்கு வையுங்கள்: 800000. சைபரை எண்ணிப் போடுங்கள்.

தேர்முட்டி:
இன்று சாயரட்சையில் பார்த்தேன். முதலில் -ஜி 50 ஐ மறந்துவிட்டேன். பட்டை ஆமைபோல் ஊர்ந்தது. எடிட்டர் அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சேர்த்த பிறகு பூஜை முடிய இரண்டே தடவை கலங்கியது, இரண்டும் துணியால் துடைத்த மாதிரி போய்விட்டன. நாளை தேர். டாங்கிளைக் குடைக்கம்பியில் கட்டி உயரத்தில் வைக்கப்போகிறேன்.