30,000 ரூபாய்க்குள் லேப்டாப், அம்மாவுக்கு ஒரு நல்ல இனிப்பு: ரிச்சி ஸ்ட்ரீட் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

கோபுரநிழல்:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். முதல் வருஷத்தை காலேஜ் லேபிலும் ரூம்மேட் லேப்டாப்பிலும் ஓட்டிவிட்டேன். இந்த வருஷம் ஜாவா, மைஎஸ்க்யூஎல், அதற்கப்புறம் ஆண்ட்ராய்டு ஆப் ப்ராஜெக்ட் என்று வரிசையாக வருகிறது. இனிமேல் இரவல் சரிப்படாது.

அம்மா ஊரில் ஒரு பால்கோவா கடையில் பாக்கெட் போடுகிற வேலை பார்க்கிறார். சீட்டு எடுத்து 30,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். திரும்ப இப்படி ஒரு தொகை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதனால் தப்பான சாமான் வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

பார்த்து வைத்தது மூன்று. ஒன்று, ஆன்லைனில் புது லேப்டாப், செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், விலை குறைவு. இரண்டு, ரைசன் 3 7320யு ப்ராசஸர், 8 ஜிபி ரேம், முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. மூன்று, எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய லெனோவோ திங்க்பேட் டி480. சீனியர் ஒருவர் மூன்றாவதைச் சொல்கிறார். பழையது வாங்கி ஏமாறாதே என்று ஹாஸ்டலில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு உதவியும் வேண்டும். லீவுக்குப் பொதிகை ரயிலில் ஊருக்குப் போகிறேன், அம்மாவுக்கு ஏதாவது இனிப்பு வாங்கிப் போக ஆசை. நாள் முழுக்கப் பால்கோவா வாசத்தில் நிற்கிறவர், அதை வாயில் வைக்கவே மாட்டார். அவர் சாப்பிட்டே இராத ஒன்றாக, ராத்திரி ரயிலில் கெடாமல் போய்ச் சேருவதாக, 300 ரூபாய்க்குள் ஏதாவது சொல்லுங்கள்.

பழையபெட்டி:

தம்பி, லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். மூன்றாவதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

முதலாவதை மறந்துவிடுங்கள். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி ஸ்டோரேஜும் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வீட்டு வாசலுக்குள் நுழையத்தான் இடம் இருக்கும், உட்கார இடம் இருக்காது. விண்டோஸ் அப்டேட் வந்தாலே டிஸ்க் நிரம்பிவிடும். இந்த ரகத்தில் ரேம் பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டியே வரும், பின்னால் கூட்டவும் முடியாது.

7320யு மோசமில்லை. பெயரில் 7 இருப்பதால் ரொம்பப் புதுசு என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. எனக்கு அதில் பிடிக்காதது ரேம். அதுவும் போர்டிலேயே ஒட்டியது. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். நீங்கள் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்கிற மென்பொருளை ஓட்டப் போகிறீர்கள். அதற்கு 8 குறைந்தபட்சம், 16 இருந்தால்தான் நிம்மதி.

டி480 வந்தது 2018-ல். பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், நான்கு கோர். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி மாற்றலாம், கீபோர்டு மாற்றலாம். பேட்டரி இரண்டு: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று. பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடும் சாமான் இது. அதனால்தான் தரத்துக்கு விலை குறைவு.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் அது டி480தானா என்று பாருங்கள். டி470-ஐப் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் டி470-ல் ஏழாம் தலைமுறையோ அதற்கும் பழையதோ இருக்கும். அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. செட்டிங்ஸில் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள், ஐ5-க்கு அடுத்து 8-ல் தொடங்க வேண்டும்.

அடுத்து ரீஸ்டார்ட் செய்து எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் கம்பெனி சொல்லும் வழி போர்டையே மாற்றுவதுதான். "அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். விண்டோஸை உங்கள் முன்னால் ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஆரம்பியுங்கள். ஏதாவது கம்பெனி பெயர் போட்டு அந்த ஆபீஸ் மெயில் ஐடி கேட்டால், பழைய முதலாளியின் பூட்டு இன்னும் விடவில்லை என்று அர்த்தம். நேரம் பிடிக்கும் வேலைதான். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

அப்புறம் திரை. 1920 × 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ரகம்) கேட்டு வாங்குங்கள். 1366 × 768 திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும், ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்குக் கண்ணும் வலிக்கும். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாக அடித்துப் பாருங்கள். டைப்-சி போர்ட்டில் சார்ஜ் ஏறுகிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லெனோவோ வான்டேஜ் செயலியைப் போட்டால் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாகத் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் காட்டும். பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள்.

எல்லிஸ்ரோடு:

தம்பி, ஞாயித்துக்கெழம போவாத. ரிச்சி ஸ்ட்ரீட்ல முக்காவாசி கடை பூட்டிக் கெடக்கும். வாரநாள்ல காலேஜ் கட் அடிக்க வேணாம், சனிக்கெழம காலையில கடை தொறந்ததும் போயிடு. மெட்ரோல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல எறங்குனா நடந்துடலாம், பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை.

வாசல்ல நின்னு "என்ன சார் வேணும்"னு கைய புடிச்சி கூட்டினு போறவங்க பின்னால போவாத. அவங்க கமிஷனும் உன் பில்லுலதான் ஏறும். மெயின் தெருவோட நிறுத்திக்காம பக்கத்துல நரசிங்கபுரம் தெருவையும் ஒரு சுத்து சுத்து. மூணு கடையில வெல கேட்டுட்டு டீ குடிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு. பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், வாரண்டி எத்தினி மாசம்னு எழுதி வாங்கணும். வாயால சொல்றது வாரண்டி இல்ல.

சுயம்பு:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். பழைய லேப்டாப் வாங்கி எட்டே மாதத்தில் போர்டு போய் நின்றவன் நான். கடை வாரண்டி ஆறு மாதம்தான். படிக்கிற பையனுக்கு ஒரு வருட கம்பெனி வாரண்டி பெரிய பாதுகாப்பு. ஆஃபர் காலம் வரை காத்திருந்து இன்டெல் ஐ3-1215யு ப்ராசஸர் உள்ள புது லேப்டாப் பார்க்கலாம். ஆறு கோர். சில மாடல்களில் ரேமுக்கு ஒரு ஸ்லாட்டும் இருக்கும்.

அரசு கொடுக்கும் லேப்டாப் பற்றியும் விசாரித்தீர்களா? 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் என்று அறிவித்தார்களே.

கோபுரநிழல்:

நன்றி அண்ணா. அதைத்தான் முதலில் விசாரித்தேன். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், என்னுடையது சுயநிதி. ஆஃபர் வரை காத்திருக்க முடியாது, ப்ராஜெக்ட் அதற்குள் வந்துவிடும்.

பழையபெட்டி:

சுயம்பு சொல்வதில் நியாயம் உண்டு. அவகாசம் இருந்தால் 1215யு நல்ல தேர்வு. இவருக்கு அவகாசம் இல்லை. அதனால் ஒன்று செய்யுங்கள் தம்பி: 30,000-ஐயும் அங்கே கொட்டாதீர்கள். ஐந்தாயிரமாவது தனியாக இருக்கட்டும். வாரண்டி முடிந்த பிறகு எதாவது போனால் அந்தப் பணம் பேசும். ரேம் மட்டும் 16 ஜிபி போட்டே வாங்கிவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்பது இப்போதைக்கு லாபமில்லை.

தேரடிப்பெண்:

இனிப்புக் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். தம்பி, நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். நீங்கள் தேடுவது தம் ரோட் என்கிற இனிப்பு.

ரவை, கோவா, சர்க்கரை, நெய். எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்தான், வித்தியாசம் வேகவைக்கும் விதத்தில் இருக்கிறது. கிளறி முடித்துத் தட்டில் பரப்பி, மேலேயும் கீழேயும் சூடு கொடுத்துத் தம்மில் விடுவார்கள். மேல்புறம் லேசாகக் கருகிப் பழுப்பாகி ஒரு தோல் கட்டும், உள்ளே ஈரமாக இருக்கும். அந்தக் கருகல் வாசம்தான் அதன் உயிர். பால்கோவாவையே மூக்கில் வைத்துக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவுக்கு, அதே கோவா தீயில் வாட்டினால் என்ன ஆகிறது என்று தெரிவது நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பாஷா அல்வாவாலா கடை திருவல்லிக்கேணியிலேயே இருக்கிறது, யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து அண்ணா சாலையைத் தாண்டி நடந்தே வரலாம். கால் கிலோ வாங்கினால் உங்கள் கணக்குக்குள் முடியும் என்று நினைக்கிறேன், கடையில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒன்றும் ஆகாது. சூடாகக் கொடுத்தால் ஆறவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவுக்குள் வேர்த்துவிடும்.

மண்ணடிமாணவி:

தம் ரோட்டுக்கு என் ஓட்டும். ஆனால் நீங்கள் சாப்பிட ஒன்று சொல்லவா? அரசினர் தோட்டத்தில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி. அங்கிருந்து சவுகார்பேட்டை மின்ட் தெருவுக்கு நடக்கலாம். காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய் ஜிலேபி, சுடச்சுட. அதைப் பார்சல் கட்டாதீர்கள், அரை மணியில் மொறுமொறுப்புப் போய்விடும். மாசக் கடைசியில் எனக்கு ஆவின் பாலகத்து பால் பேடாதான் துணை, அதுவும் சுத்தமான சாமான்.

கோபுரநிழல்:

சனிக்கிழமை போய் வந்தேன். நாலு கடை பார்த்தேன். முதல் கடையில் டி480 என்று காட்டியதில் ப்ராசஸர் 7-ல் தொடங்கியது. இரண்டாவதில் எஃப்1 அழுத்தியதும் பாஸ்வேர்டு கேட்டது. பழையபெட்டி அண்ணாச்சி சொல்லியிருக்காவிட்டால் அதைத்தான் வாங்கியிருப்பேன், ஏனென்றால் அதுதான் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. நாலாவது கடையில் எல்லாச் சோதனைக்கும் பொறுமையாக ஒத்துக்கொண்டார்கள். 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் திரை, ஆறு மாத வாரண்டி எழுதியே கொடுத்தார்கள். 23,500 ரூபாய்.

இப்போது ஒரு பிரச்சினை. சார்ஜ் 80-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ராத்திரி முழுக்கப் போட்டும் அதே 80. இரண்டு பேட்டரியும் அப்படித்தான். விண்டோஸை மறுபடி ரீசெட் செய்தும் பார்த்துவிட்டேன். கடையில் வான்டேஜில் பார்த்தபோது கொள்ளளவு நன்றாகத்தானே இருந்தது? பேட்டரி போய்விட்டதா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பழையபெட்டி:

பயப்படாதீர்கள், பேட்டரி போகவில்லை. போன பேட்டரி இப்படிச் சரியாக 80-ல் நிற்காது. முன்பு வைத்திருந்த கம்பெனி, எப்போதும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப் என்பதால் பேட்டரி ஆயுளுக்காக வரம்பு போட்டு வைத்திருக்கிறது. அந்த வரம்பு மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும், விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் போகாது. வான்டேஜைத் திறந்து பவர் பகுதியில் பேட்டரி சார்ஜ் த்ரெஷோல்டு என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

ஹாஸ்டலில் பிளக் போட்டே வேலை செய்யும் நாட்களில் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஓடும்போது பின் பேட்டரி முதலில் இறங்கும், அது முடிந்த பிறகுதான் உள் பேட்டரி. அதைப் பார்த்தும் பதற வேண்டாம்.

கோபுரநிழல்:

100 வந்துவிட்டது அண்ணாச்சி. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் போட்டுவிட்டேன். எமுலேட்டரில் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் போலிப் போன்) ஆப்பை ஓட்டினால் ஃபேன் கத்துகிறது.

பழையபெட்டி:

எமுலேட்டரை விடுங்கள். உங்கள் போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளில் மாட்டி நேராகப் போனிலேயே ஆப்பை ஓட்டுங்கள். பாதி சுமை குறையும்.

கோபுரநிழல்:

ஊரிலிருந்து எழுதுகிறேன். போனில் ஓட்டிப் பார்த்தேன், ஃபேன் சத்தமே இல்லை.

தம் ரோட் பத்திரமாக வந்து சேர்ந்தது அக்கா. ஆறவிட்டுத்தான் மூடினேன். அம்மா முதலில் மோந்து பார்த்தார், அப்புறம் மேல் தோலைத் தனியாகப் பிட்டு வாயில் போட்டார். ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கடையில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார். லேப்டாப்பை விட அதைப் பற்றித்தான் கேள்வி அதிகம். ரவையைப் பாலில் ஊறவைத்துப் போடுகிறார்களா, வறுத்துப் போடுகிறார்களா, கோவா எந்தப் பதத்தில் சேர்க்கிறார்கள் என்று உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். தெரிந்தால் எழுதுங்கள் அக்கா, நான் படித்துக் காட்டுகிறேன்.