கிறிஸ்துமஸ் வேலைக்கு நடுவே மனசில் தங்கிய ஒரு நொடி: உங்கள் வீட்டில் எப்படி?

நெல்லித்தோப்பு மருமகள்:
விவிகம் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காக: ரவையும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்துச் செய்கிற எங்கள் கிறிஸ்துமஸ் கேக். போன வருஷம் டிசம்பர் 23, ராத்திரி பத்து மணி. பிள்ளைகளுக்கு அன்றுதான் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. வீட்டுக்காரருக்குச் சம்பளம் வரவில்லை, தையல்காரர் துணி தரவில்லை, கேரல் பாட வந்தவர்களுக்குக் காபி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. "இந்த வருஷம் கேக்கைக் கடையில் வாங்கிக்கலாம் அத்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. ரம்மில் ஊறிய திராட்சை ஜாடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில் இந்த வீடு முழுக்க இருந்த அதே வாசனை. அப்புறம் முட்டைச் சட்டியை என் மடியில் வைத்து, "ஒரே பக்கமா அடி, கையை மாத்தாதே" என்றார். அடிக்க அடிக்கக் கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு அடுப்படித் தரையில் கால் நீட்டி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் அத்தை போய்விட்டார். ரவை எவ்வளவு என்று நான் கேட்டுவைக்கவில்லை. திராட்சையை மட்டும் ஊறப் போட்டிருக்கிறேன்.

லாஸ்பேட்டை அண்ணன்:
தங்கச்சி, மனசு கனத்துப்போச்சு. ஆனாலும் சொல்கிறேன், 23ஆம் தேதி ராத்திரி மாவு கலக்கினால் நெருக்கடி வராமல் என்ன செய்யும்? திராட்சை, ஆரஞ்சுத் தோலெல்லாம் செப்டம்பரிலேயே ஊற வேண்டும். தையல்காரரிடம் நவம்பர் முதல் வாரமே துணி கொடுத்துவிடுங்கள். ஜனவரியிலேயே பலகாரச் சீட்டு ஒன்று போட்டால் டிசம்பரில் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். அச்சு முறுக்கு, கல்கல் இரண்டையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆம்பளைங்களும் மாவு உருட்டலாம், நான் உருட்டுகிறேன்.

என் நினைவு சின்னது. இருதய ஆண்டவர் கோவிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்புவோம். 2011இல்தான் அது பசிலிக்கா (போப் தருகிற சிறப்புத் தகுதி) ஆனது, இது அதற்கு ரொம்ப முன்னால். சைக்கிளின் முன்கம்பியில் நான். தூங்கி விழாமலிருக்க அப்பா தன் தாடையை என் தலையில் அழுத்திக்கொண்டே மிதிப்பார். அந்தத் தாடி குத்தியது இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது.

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்):
அண்ணே, திட்டமெல்லாம் சரி, ஆனால் எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் யார் திட்டத்துக்கும் அடங்காது. 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் வந்தது. 2011 'தானே' புயல் டிசம்பர் 30 விடியற்காலையில் கரையேறியது. நாங்கள் ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூன்று ராசா திருநாள் வரை கிறிஸ்துமஸ் குடிலைக் கலைப்பதில்லை, அதனால் புயல் வந்தபோது திண்ணையில் குடில் அப்படியே இருந்தது. முருங்கை மரம் அதன் மேலேயே சாய்ந்தது.

கூரை போன வீட்டில் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, ஆயா முழங்கால் தண்ணியில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். குழந்தை இயேசு சுரூபம் கிடைத்தது, ஒரு கை இல்லாமல். முந்தானையில் துடைத்து அரிசிப் பானைக்குள் வைத்து, "பத்திரமா இரு" என்றார். எங்களிடம் சொல்வது போலவே சொன்னார்.

இன்றைக்கும் எங்கள் குடிலில் அந்தச் சுரூபம்தான். புது செட் வாங்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் வீட்டில் பேச்சு வரும். 24 ராத்திரி அதை வைக்கோலில் கிடத்த நான் முந்தி நீ முந்தி என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

தங்கச்சி, உங்கள் அத்தை கப் வைத்து அளந்திருக்க மாட்டார். எந்தச் சட்டியில் ரவை கொட்டினார் என்று பாருங்கள்.

நெல்லித்தோப்பு மருமகள்:
பரணிலிருந்து சட்டியை இறக்கிப் பார்த்தேன் அண்ணா. உள்ளே, பாதிக்குக் கொஞ்சம் மேலே, கரண்டியால் கீறின மாதிரி ஒரு கோடு. இத்தனை வருஷம் தேய்த்துக் கழுவியிருக்கிறேன், அதைத் தேய்மானம் என்றே நினைத்திருந்தேன். காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ரவை வாங்கி, அந்தக் கோடு வரைக்கும் கொட்டிப் பார்க்கப்போகிறேன்.