மின்னஞ்சல் வாக்குப் பொத்தான்களைக் கொண்டு குழு முடிவுகளை எடுப்பது: எங்கே தவறுகிறோம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் பணியாற்றுகிறேன். வடிவமைப்பு, வார்ப்பு, உற்பத்தி, கொள்முதல், தரக்கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த 17 பேர் கூடி முடிவெடுக்க வேண்டிய சிறு விஷயங்கள் வாரந்தோறும் வருகின்றன. இரண்டு ஷிஃப்டில் வேலை நடப்பதால் 17 பேரையும் ஒரே நேரத்தில் ஓர் அறையில் உட்காரவைக்க இயலாது. மின்னஞ்சல் அனுப்பினாலோ, எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுதி 40 மடல்கள் சேர்ந்துவிடுகின்றன. யார் சம்மதித்தார், யார் சந்தேகம் மட்டும் கேட்டார் என்று பிரித்தெடுப்பதற்குள் அரை நாள் போய்விடுகிறது.

எனவே இரண்டு மாதங்களாக மைக்ரோசாஃப்டின் மடல் மென்பொருளான அவுட்லுக்கில் உள்ள வாக்குப் பொத்தான்களை (மடலைப் பெறுபவர் தம் தேர்வை ஒரே அழுத்தில் தெரிவிக்கும் வசதி) பயன்படுத்தி வருகிறேன். இரண்டு முறை கசப்பான அனுபவம் ஏற்பட்டது. முதலாவது, ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் வாரத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று தேதிகளைக் கொடுத்தேன். 7, 6, 4 என்று வாக்குகள் பிரிந்தன. ஏழு வாக்குப் பெற்ற வாரத்தை அறிவித்த பிறகுதான், வார்ப்புப் பிரிவினர் நால்வருக்கும் அந்த வாரம் சிறிதும் ஒத்துவராது என்பது தெரிந்தது. இரண்டாவது, ஒரு புதிய பேரிங் சப்ளையருக்குச் சோதனை ஆர்டர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் வாடிக்கையாளரின் இடத்துக்குச் சென்றிருந்ததால் மூன்று நாள் பதில் அளிக்கவில்லை. பதில் வராததை ஆட்சேபணை இல்லை என்று கொள்முதல் பிரிவினர் எடுத்துக்கொண்டு ஆர்டரை அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து தம் மறுப்பைச் சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை.

இவை தவிர, வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் இருவருக்குப் பொத்தான்களே தெரியவில்லை, மடலுடன் வின்மெயில்.டாட் என்ற ஒரு கோப்பு மட்டும் வந்ததாகச் சொன்னார்கள். இந்த வசதியையே கைவிட்டுவிடலாமா, அல்லது நான் பயன்படுத்தும் முறையில்தான் பிழை இருக்கிறதா?

முதல் பதில் (மின்னஞ்சல் சேவையகங்களைப் பராமரிப்பவர்)

முதலில் ஆலோசகர்களின் சிக்கலைப் பார்ப்போம். வாக்குப் பொத்தான் என்பது மடலின் எழுத்தோடு செல்வது அன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மடல் சேவையகமும் அவுட்லுக்கும் தமக்குள் பேசிக்கொள்ளும் தனி வடிவத்தில் அது பொதியப்படுகிறது. ஒரே நிறுவனத்துக்குள் இது சரியாகச் சென்றுசேரும். வேறு மென்பொருளில் மடல் படிப்பவருக்கு அந்தப் பொதி பிரியாமல் போகும்போதுதான் வின்மெயில்.டாட் என்ற இணைப்புக் கோப்பாகத் தெரிகிறது. அவர்களை வாக்கெடுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் இணையப் படிவங்களை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் அல்லது கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு கேள்வியை அமைத்து அதன் இணைய முகவரியை அனுப்புவதே நல்லது.

உள்ளே இருப்பவர்களுக்கு அனுப்பும்போது, புதிய மடலின் ஆப்ஷன்ஸ் தாவலில் உள்ள வாக்குப் பொத்தான் பட்டியலில் கடைசியாக இருக்கும் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்கள் விரும்பும் சொற்களை அரைப்புள்ளியிட்டுப் பிரித்து எழுதலாம், தமிழிலும் எழுதலாம். முதல் வாக்கு வந்த பிறகு, நீங்கள் அனுப்பிய அந்த மூல மடலைத் திறந்தால் டிராக்கிங் என்ற பக்கம் தோன்றும். யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் மொத்த எண்ணிக்கையும் அங்கே இருக்கும். அனுப்பிய மடலை நீக்கிவிட்டால் இந்தப் பட்டியலும் போய்விடும் என்பதைப் பலர் காலங்கடந்துதான் உணர்கிறார்கள். பட்டியலை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். இந்த வாக்கு ரகசியமானது அன்று. அனுப்பியவருக்கு ஒவ்வொருவரின் தேர்வும் பெயரோடு தெரியும், மற்றவர்களுக்கு முடிவு தெரியாது. மேலதிகாரி அனுப்பும் வாக்கெடுப்பில் எல்லோரும் ஒரே பொத்தானை அழுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து, ஆப்ஷன்ஸில் மடல் காலாவதியாகும் தேதியைக் குறிக்கும் வசதி உண்டு. அது மடலைக் காலாவதியானதாகக் காட்டுமே தவிர வாக்கெடுப்பை மூடாது. கடைசி நேரத்தை மடலிலேயே நாளும் மணியுமாக எழுதியாக வேண்டும்.

இரண்டாம் பதில் (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பவர்)

உங்கள் முதல் அனுபவத்தில் பிழை பொத்தானில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. மூன்று தேதிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒருவருக்கு எது மிகவும் பிடிக்கும் என்பது தெரியுமே ஒழிய, எது அறவே ஆகாது என்பது தெரியாது. ஏழு வாக்குப் பெற்ற வாரத்தைப் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். தேதி குறிக்கும்போது "எந்தெந்த வாரங்கள் உங்களுக்கு ஒத்துவரும்?" என்று கேட்டு, ஒன்றுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தால், வார்ப்புப் பிரிவின் சிக்கல் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். அவுட்லுக் வாக்குப் பொத்தானில் ஒருவர் ஒன்றைத்தான் அழுத்த முடியும். ஃபார்ம்ஸ் வாக்கெடுப்பில் பல விடைகளை அனுமதிக்கலாம். எனவே தேதிக்கு அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது அனுபவத்துக்கு, திறமூல மென்பொருள்களை உருவாக்கும் தன்னார்வலர்களின் அமைப்பான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் வழக்கத்தைச் சொல்கிறேன். அங்கே பல ஆண்டுகளாக மடற்குழு (ஒருவர் எழுதும் மடல் உறுப்பினர் அனைவருக்கும் செல்லும் மின்னஞ்சல் பட்டியல்) வழியாகவே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. கூட்டல் 1 என்றால் சம்மதம், 0 என்றால் கருத்தில்லை, கழித்தல் 1 என்றால் மறுப்பு. நிரலில் செய்யும் மாற்றத்துக்கு ஒருவர் கழித்தல் 1 இட்டாலே அது நின்றுவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை எழுதாத மறுப்பு செல்லாது. ஒரு மென்பொருளை வெளியிடும் வாக்கெடுப்பில் அப்படித் தனி ஒருவர் தடுக்க முடியாது. குறைந்தது மூன்று கூட்டல் 1 வாக்குகளும், மறுப்பைவிட அதிகமான சம்மதமும் இருந்தால் போதும். எந்த வகை விஷயத்துக்கு எந்த விதி என்பதை முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆலை நிறுத்தும் தேதியும் பேரிங் சப்ளையரும் ஒரே வகை விஷயங்கள் அல்ல. பேரிங் விஷயத்தில் 16 பேர் சம்மதித்தாலும் தரக்கட்டுப்பாட்டின் ஒரு மறுப்புக்கு எடை அதிகம். அதை மற்ற வாக்குகளோடு சேர்த்து எண்ணவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மௌனம் சம்மதம் என்ற வழக்கமும் அப்பாச்சியில் உண்டு. ஆனால் "இதைச் செய்யப்போகிறேன், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாக அறிவித்து, பொதுவாக 72 மணி நேரம் காத்திருந்த பிறகே மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். வெவ்வேறு நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் மடலைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவை. உங்கள் கொள்முதல் பிரிவினர் அந்த அறிவிப்பு இல்லாமலேயே மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டார்கள்.

மூன்றாம் பதில் (நிறுவனச் செயலர்)

நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 175ஆம் பிரிவு, இயக்குநர் குழு கூடாமலேயே சுற்றறிக்கை வழியாகத் தீர்மானம் நிறைவேற்ற அனுமதிக்கிறது, மின்னஞ்சலிலும் அனுப்பலாம். உங்களுடையது இயக்குநர் குழு அன்று என்பதால் இந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் உள்ள நான்கு நிபந்தனைகள் எந்தக் குழுவுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வரைவுத் தீர்மானத்தோடு தேவையான ஆவணங்களும் எல்லா இயக்குநர்களுக்கும் செல்ல வேண்டும். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் பெரும்பான்மையோர் ஒப்புதல் அளிக்க வேண்டும். எனவே பதில் அளிக்காதவர் சம்மதித்தவராக எண்ணப்படுவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இயக்குநர்கள் கூட்டத்தில் பேசியே முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டால், அந்த விஷயம் கூட்டத்துக்குச் சென்றாக வேண்டும். நிறைவேறிய தீர்மானம் அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். பதிலுக்கு ஏழு நாள்களுக்கு மேல் அவகாசம் தரக் கூடாது என்று, இயக்குநர் குழுக் கூட்டங்களுக்காக இந்திய நிறுவனச் செயலர்கள் கழகம் வெளியிட்ட செயலகத் தரநிலையும் வரையறுக்கிறது.

இவற்றுள் மூன்றாவதுதான் உங்களுக்கு இன்றியமையாதது. ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்களை மட்டும் வைத்தால், தயங்குகிறவருக்கு இடமே இல்லை. "கூடிப் பேச வேண்டும்" என்று மூன்றாவது பொத்தான் ஒன்று இருக்கட்டும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதிகளுக்கு இனி ஃபார்ம்ஸைப் பயன்படுத்துவேன். சப்ளையர் விஷயத்தை மறுபடியும் அனுப்புவதற்காகக் கீழ்க்கண்ட மடலை எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

"புதிய பேரிங் சப்ளையரிடமிருந்து அடுத்த சோதனைத் தொகுதியை வாங்கலாமா? முதல் தொகுதியின் சோதனை அறிக்கையும் விலைப்பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன. வியாழன் மாலை 5 மணிக்குள் பொத்தானை அழுத்தவும். 9 பேர் சம்மதித்தால் ஆர்டர் செல்லும். தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் பதில் அளிக்கும் வரை, எத்தனை பேர் சம்மதித்தாலும் ஆர்டர் செல்லாது. பொத்தான்கள்: சம்மதம், வேண்டாம், கூடிப் பேச வேண்டும்."

நிறுவனச் செயலர்

நன்றாக வந்திருக்கிறது. எத்தனை பேர் கேட்டால் கூட்டம் என்பதையும் எழுதிவிடுங்கள். 17 பேரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 6 பேர். உங்கள் அளவுக்கு இரண்டு பேரே போதும் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

திறமூலப் பங்களிப்பாளர்

"வேண்டாம்" என்பதற்குப் பதிலாக "ஆட்சேபணை, காரணம் எழுதுகிறேன்" என்று பொத்தானில் இடுங்கள். வாக்கை அழுத்தும்போது உடனே அனுப்பலாமா, திருத்தி அனுப்பலாமா என்று அவுட்லுக் கேட்கும். திருத்தி அனுப்புவதைத் தேர்ந்தெடுத்து அங்கேயே காரணத்தை எழுதச் சொல்லி மடலிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.