மடு மண்ணும் குருதிக் குழாயும்: அறிவியல் படிக்கும் கத்தோலிக்கரிடம் ஒரு கேள்வி

வயல்வரம்பு (கேள்வி):
வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்தில் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வியும் கற்பிக்கிறேன். கடந்த மாரியில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப்போன மாமாவைப் புடையன் பாம்பு கடித்தது. வாகனம் வந்து சேருவதற்குள் அம்மம்மா, பாம்புக்கடியைக் குணமாக்கும் என்ற நம்பிக்கையில், மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவில் எடுத்துவந்து மாதா படத்தின் கீழ் வைத்திருந்த மடு மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கடிவாயில் பூசிவிட்டார். வைத்தியசாலையில் தாதி அதைக் கழுவியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து அன்றிரவு இன்னும் வெட்கமாக இருந்தது. மாமா உயிர் தப்பினார். மருந்தாலா மாதாவாலா என்பதில் வீடு இன்றுவரை இரண்டுபட்டு நிற்கிறது.

இதற்கிடையில், கூர்ப்பை (பரிணாமத்தை) பற்றிப் பிள்ளைகள் கேட்டபோது மூத்த மறையாசிரியர் ஒருவர், அது பரீட்சைக்கு மட்டும் படிக்க வேண்டியது என்று சொல்லி முடித்துவிட்டார். ஆய்வுகூடத்தில் ஒருத்தியாகவும் ஆலயத்தில் வேறொருத்தியாகவும் இருப்பதைத் தவிர எனக்கு வழியில்லையா?

பழைய பௌதிக ஆசிரியர், வவுனியா:
பிள்ளை, அந்த மறையாசிரியரின் பதில் திருச்சபையின் பதில் அன்று. மனித உடல் முன்பிருந்த உயிரினத்திலிருந்து தோன்றியதா என்பதை ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1950இலேயே எழுதினார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1996இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்), கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்.

ஆனால் உங்கள் கடைசி வரிக்கு நான் லெமேத்ரைத்தான் காட்டுவேன். பெல்ஜிய நாட்டுக் குருவானவர், லூவேன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பேரண்டம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1927இல் வருவித்த அவரிடம், கணக்குச் சரி, பௌதிகந்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டைனே முகத்துக்கு நேரே சொன்னார். 1931இல் லெமேத்ர், அனைத்தும் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றதும், அங்கி அணிந்தவர் வாயிலிருந்து வந்த ‘தொடக்கம்’ என்ற சொல்லிலேயே பலருக்கு ஆதியாகமத்தின் வாசனை அடித்தது. அதற்கேற்ப 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும், புதிய அறிவியல் ‘ஒளி உண்டாகுக’ என்ற வாக்கிற்குச் சாட்சி சொல்வதுபோல உரையாற்றினார். வேறு யாராக இருந்தாலும் அந்த உரையைச் சட்டம்போட்டு மாட்டியிருப்பார்கள். லெமேத்ரோ கலங்கினார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்றும், கடவுளை மறுப்பவருக்கும் அது இடம் விடுகிறது என்றும் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். 1952இல் உரோமையில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த ஒப்பீட்டை மீண்டும் எடுக்கவில்லை. அந்தக் குருவானவர் பூசையையும் கணக்கையும் ஒரே நாளில் செய்தவர். ஒன்றுக்கு மற்றதை முண்டு கொடுக்கவில்லை.

கடலோரத்தான், முல்லைத்தீவு:
ஐயா சொன்னது அழகு. ஆனால் கலிலேயோவைத் தொடாமல் போய்விட்டார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றவருக்கு 1633இல் தீர்ப்பிட்டு, 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அது பிழையென்று உரோமை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆயிற்று. வானத்தைப் பற்றி அறிந்தவர்கள் முன்னிலையில் மறைநூலைக் காட்டி அபத்தம் பேசாதீர்கள் என்று புனித அகுஸ்தீனார் எச்சரித்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் இது நடந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் இதையும் சொல்லிக்கொடுங்கள், தங்கச்சி.

இரவுக் கடமை (வைத்தியசாலை ஊழியர்):
பாம்பு கடித்து வருகிறவரின் குருதியில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சரித்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. குதிரையின் குருதியிலிருந்து எடுத்த விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்குவோம். அந்த 20 நிமிடமும் வாசலில் செபமாலை உருளும் சத்தம் கேட்கும். அது எங்களுக்கு இடைஞ்சலாக இருந்ததே இல்லை. இடைஞ்சல் இரண்டுதான்: காயத்தில் அழுக்கு ஏறுவது, பிந்தி வருவது. உங்கள் அம்மம்மா வாகனத்துக்கும் சொல்லிவிட்டுத்தானே மண் பூசினார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயல்வரம்பு:
எல்லோருக்கும் நன்றி. வரும் ஞாயிறு பிள்ளைகளுக்கு மெண்டலைச் சொல்லப் போகிறேன். மடத்துத் தோட்டத்துப் பட்டாணியில் உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850 என்று ஒரு துறவி எண்ணி எழுதிவைத்த கணக்கிலிருந்துதான் நான் படிக்கும் பிறப்புரிமையியலே (மரபியலே) தொடங்கியது. கலிலேயோ அதற்கடுத்த கிழமை.

அம்மம்மாவிடம், மண்ணைக் காயத்தில் பூச வேண்டாம், பொட்டலமாகவே மாமாவின் சட்டைப்பையில் வைத்துவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓட்டோக்காரரின் தொலைபேசி எண்ணையும் அந்தப் பொட்டலத்திலேயே பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.