ஓக் விதை வேர் விடுகிறது, தளிர் வரவில்லை

கோஸ்டா ரிக்கா மேகக்காட்டின் குவெர்கஸ் இன்சிக்னிஸ், அழியும் நிலையிலுள்ள ஓக். நாற்றங்கால் 1,400 மீட்டர் உயரத்தில். விதைத்து 9 வாரம். 120 விதையில் 70 வேர் விட்டன, தளிர்த்தவை 11தான். வேர் 5 செ.மீ. நீண்டதும் நுனி கறுத்து அழுகுகிறது.

உலர்ந்தால் செத்துவிடும் விதை, அதனால் பொறுக்கிய மூன்றாம் நாளே விதைத்தோம். தண்ணீரில் போட்டு, மிதந்த சொத்தை விதைகளைக் கழித்தாயிற்று. விதைக்குள் இருக்கும் வண்டுப் புழுவைக் கொல்ல 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்தோம் (இவ்வளவு பெரிய விதைக்குள் சூடு முழுக்க இறங்கியதா, சந்தேகம்தான்). 30 செ.மீ. ஆழப் பை, காட்டு மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி. தண்ணீரைக் குறைத்தும் பயனில்லை. கறுத்த நுனியை வெட்டினால் பக்கவேர் வருகிறது, பத்து நாளில் அதுவும் கறுக்கிறது. காட்டு மண்ணோடு பூஞ்சை வந்திருக்கலாம்.

மிஞ்சியவற்றை வேர் கழுவி, மண்ணில்லாத பெர்லைட்டுக்கு (சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகள்) இப்போதே மாற்றினால் பிழைக்குமா?