'மணிஹாரா' பார்த்தவர்கள் வாருங்கள்

சத்யஜித் ராயின் 'தீன் கன்யா' (1961) படத்தில் நடுவில் வரும் கதை இது. தாகூர் நூற்றாண்டுக்காக அவருடைய மூன்று சிறுகதைகளை ராய் படமாக்கினார். வெளிநாடுகளில் இதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும்தான் ஒரே படமாகக் காட்டினார்கள். அதனாலோ என்னவோ, அந்த இரண்டில் ஒன்றான 'போஸ்ட்மாஸ்டர்' பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேய்க்கதை என்று நினைத்துத்தான் அம்மாவோடு உட்கார்ந்தேன். ஃபணிபூஷண் வசதியானவன். மனைவி மணிமாலிகாவுக்குக் குழந்தை இல்லை, நகை மேல் உயிர். கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறான். தீவிபத்தில் தொழில் ஆட்டம்காண, நகையைக் கேட்டுவிடுவானோ என்ற சந்தேகம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. பணம் புரட்ட அவன் கல்கத்தா போன சமயம் பார்த்து, உறவுக்காரன் ஒருவனை வரவழைத்து அத்தனை நகையோடும் கிளம்பிவிடுகிறாள்.

பேராசை பிடித்தவள் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானேடி" என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவின் கடைக்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் மூழ்கிவிட்டது. அன்றைக்கு அப்பா கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லையாம். "பீரோ சாவியைக் கொடு" என்றாராம், அவ்வளவுதான். இதை அம்மா என்னிடம் சொன்னது இந்தப் படம் பார்த்த பிறகுதான்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் பாட்டு கற்றுக்கொண்டவள், அதனால் எனக்கு வேறு இடத்தில் தூக்கிவாரிப் போட்டது. 'பாஜே கருண சுரே' தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சிம்மேந்திர மத்யம ராகம்! 'நீது சரணமுலே' என்ற கர்நாடகக் கீர்த்தனையின் மெட்டில் தாகூர் எழுதிய பாட்டு அது. குரல் ரூமா குஹா தாகுர்தாவுடையது. ராய் தானே இசையமைத்த முதல் படமும் இதுதான். அந்த ராகத்தில் இருக்கிற தவிப்பைக் கேட்ட பிறகு மணிமாலிகாவை வெறும் நகைப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அம்மா சொன்னது சரி.

*

நான் ஒரு வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் பல வருடம் இருந்தவன். ஒரு அம்மாளுக்கு வளையல் கழலவே இல்லை. கல்யாணத்தன்று போட்டதாம். சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கணவரே அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். முட்டி சிவந்துபோனது. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்த பிறகுதான் அந்த அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினார்.

படத்தின் முடிவில், கணவன் கொண்டுவந்த நகைப்பெட்டியை வளையல் அணிந்த ஓர் எலும்புக்கை வெடுக்கென்று பற்றும். கூட இருந்தவர்கள் அலறினார்கள். எனக்கு அந்த அம்மாள்தான் கண்முன் வந்தார்.

ஆனால் ஒன்று. ஃபணிபூஷணை உங்கள் அப்பாவோடு சேர்க்காதீர்கள். காளி பானர்ஜி அவனைக் கொடுமைக்காரனாக நடிக்கவில்லை. மனைவிக்கு நகையைத் தவிர வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறவன் அவன். அவள் மனசு தன் பக்கம் இருக்கிறதா என்று கேட்க அவனுக்கு வாயே வரவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கம்தான். படத்தில் இந்தக் கதையை ஒருவர் சொல்ல, போர்வை போர்த்திக்கொண்டு இன்னொருவர் கேட்கிறார் இல்லையா, அந்தப் போர்வைக்காரர் யார் என்பதை மட்டும் யாரும் இங்கே உடைத்துவிடாதீர்கள், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.